அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே

கீபோர்டு வகுப்புக்குப் போகும் கெட்டிக்காரப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு கேள்வி. கோவில் திருவிழாவில் நாதஸ்வரத்தில் கேட்ட பாட்டை வீட்டுக்கு வந்து கீபோர்டில் வாசித்துப் பார்த்ததுண்டா?

கட்டைகளை எல்லாம் சரியாகத்தான் அழுத்தியிருப்பாய். தாளமும் தப்பியிருக்காது. ஆனாலும் கோவிலில் கேட்டது மாதிரி இல்லை. ஏதோ குறைகிறது. நமக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று நினைத்துக் கீபோர்டை மூடி வைத்திருப்பாய்.

உன் விரலில் குற்றமே இல்லை, கண்ணு. அந்த வித்தியாசம் உன் காதில் பட்டதே, அதுதான் பெரிய விஷயம். பலருக்கு அது படுவதே இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத் தேடுவோம். தேடிக் கண்டுபிடித்து, கணினியில் நாமே சரிசெய்தும் பார்ப்போம்.

முதலில் நாதஸ்வரக்காரரைப் பார். ஈப்போ கல்லுமலைக் கோவிலாக இருந்தாலும் சரி, சுங்கை சிப்புட் பக்கம் கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகும் நிற்கிற பழைய தோட்டத்துக் கோவிலாக இருந்தாலும் சரி. அடுத்த முறை தவில்காரரை வேடிக்கை பார்ப்பதைக் கொஞ்சம் ஒத்திவை. நாதஸ்வரத்தின் மேல் ஓடும் விரல்களையே பார்.

விரல் ஓடுவதற்கு ஏழு துளைகள். சில நேரம் துளையை முழுசாக மூடுவார். சில நேரம் பாதி. சில நேரம் துளையின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு எடுப்பார். உதட்டில் சீவாளியை, அதாவது ஊதும் முனையை, இறுக்குவார், தளர்த்துவார். விரல் அசையாமலே சுரம் ஏறும், இறங்கும். குழலின் அடிப்பக்கத்தில் விரல் போகாத துளைகளும் இருக்கும். அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். மெழுகு! எவ்வளவு எளிய தொழில்நுட்பம் பார்.

இப்போது சொல். கீபோர்டில் ஒரு கட்டையைப் பாதி அழுத்தினால் பாதிச் சுரம் வருமா? வராது. அழுத்தினால் அந்தச் சுரம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் கணக்குக்குப் போவோம். பயப்படாதே, பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, அடித்து ஓய்கிற பள்ளி மணியை விரலால் தொட்டுப் பார். விரல் கூசும். மணி அதிர்கிறது. ஒலி என்பதே அதிர்வுதான். ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வோம்.

நம்முடைய ‘ச’ நொடிக்கு 240 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள். அதை ஒன்றரை மடங்காக்கினால் 360. அது ‘ப’. ஒன்றேகால் மடங்காக்கினால் 300. அது ‘க’. இரண்டு மடங்காக்கினால் 480. அது மேல் ‘ச’.

240, 300, 360. அறுபது அறுபதாகக் கூடுகிறது, கவனித்தாயா? இப்படி எளிய கணக்கில் நிற்கும் சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் ஒன்றோடொன்று உரசாமல் கலக்கும். சுருதிப் பெட்டி ‘ச’ பிடித்துக்கொண்டிருக்கும்போது பாடகர் ‘க’வைத் தொட்டதும் சபை தலையாட்டுகிறதே, அது இந்தக் கலப்புக்குத்தான்.

கீபோர்டு வேறு கணக்கில் போகிறது. அது ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை உள்ள தூரத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டையும் முந்தையதைவிட ஏறக்குறைய 1.0595 மடங்கு. இந்த எண்ணை 1584-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னவர் சீனாவின் மிங் அரச குலத்து இளவரசர் சூ ஸாய்யூ. இப்படி வெட்டியதில் ஒரு பெரிய வசதி உண்டு. எந்தக் கட்டையை வேண்டுமானாலும் ‘ச’வாக வைத்துக்கொள்ளலாம். பாட்டு எங்கே தொடங்கினாலும் ஒரே மாதிரி கேட்கும்.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கீபோர்டில் ‘ப’ 360 அல்ல, 359.6. அது பரவாயில்லை, பெரும்பாலோர் காதுக்கு எட்டாது. ஆனால் ‘க’? 300 இருக்க வேண்டிய இடத்தில் 302.4! இரண்டு ‘க’வையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், நொடிக்கு இரண்டு தடவைக்கும் மேல் ‘வ்வா... வ்வா...’ என்று ஒலி பெருகித் தேய்வது தெளிவாகவே கேட்கும்.

இது வரைக்கும் பிடிபட்டதா? பிடிபடவில்லை என்றால் மறுபடியும் 240-இலிருந்து படி. நான் இங்கேயேதான் இருப்பேன்.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஆர்மோனியத்திலும் கட்டைகளின் சுரங்கள் அசையாதவை. அது நம் இசைக்கு ஒத்துவராது என்று சொல்லி, 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தடை தளர்ந்தது. என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அதிகம்தான். கருவியைத் துரத்துவதைவிட அதற்கு என்ன வரும், என்ன வராது என்று அளந்து சொல்லியிருக்கலாம்.

அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே? அதைச் செய்து கொடுத்தவர் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் எல்லிஸ். 1885-இல் பல நாடுகளின் இசைக்கருவிகளை அளந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கீபோர்டின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நூறு பங்காக்கினார். ஒரு பங்குக்கு ஒரு சென்ட். ‘ச’விலிருந்து மேல் ‘ச’வுக்கு 1200 சென்ட். வேடிக்கை என்ன தெரியுமா? எல்லிஸுக்குச் சுருதி பிடிக்கும் காது கிடையாது! ஹிப்கின்ஸ் என்ற நண்பரின் காதை நம்பித்தான் அத்தனையையும் அளந்தார். பாட வராதவருக்கு இசை ஆராய்ச்சி எதற்கு என்று இனி யாராவது கேட்டால், இவர் பெயரைச் சொல்.

சென்ட் கணக்கில் கீபோர்டின் ‘க’ 400. கணக்காக நிற்கும் ‘க’ 386. பதினான்கு சென்ட் குறைவு. பழகிய காது ஐந்தாறு சென்ட் வித்தியாசத்தையே பிடித்துவிடும். அப்படியானால் பதினான்கு உன் காதில் பட்டதில் ஆச்சரியம் என்ன?

இனி கணினிக்கு வருவோம்.

மியூஸ்கோர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். திரையில் ஐந்து கோடு வரும். அதில் சுரங்களை வைத்தால் கணினி வாசித்துக் காட்டும். ஆனால் கணினியும் கீபோர்டின் பிள்ளைதான். 1983-இல் மின்னிசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மிடி என்றொரு முறை வந்தது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண். நடு ‘சி’க்கு 60. அதற்கடுத்த கறுப்புக் கட்டைக்கு 61. அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே எண்ணே கிடையாது! அறுபதரை என்று சொல்ல வழியில்லை.

நல்லவேளையாக மிடியைச் செய்தவர்கள் இன்னோர் ஏற்பாடும் வைத்தார்கள். பெரிய கீபோர்டுகளில் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும், பார்த்திருப்பாய். அதை உருட்டினால் சுரம் வளையும். அந்த வளைவைக் கீழே 8192 பங்காகவும், மேலேயும் ஏறக்குறைய அவ்வளவாகவும் மிடி பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமாக அந்த 8192 பங்கு என்பது இரண்டு கட்டைத் தூரம், அதாவது 200 சென்ட். அப்படியானால் ஒரு சென்டுக்கு எத்தனை பங்கு? வகுத்துப் பார். ஏறக்குறைய 41. ‘க’வைப் பதினான்கு சென்ட் இறக்க 573 பங்கு கீழே வளைத்தால் போதும்.

ஒவ்வொரு சுரத்துக்கும் யார் உட்கார்ந்து சக்கரம் உருட்டுவது? அதற்குத்தான் பிளகின். பெரிய மென்பொருளுக்குள் செருகிக்கொள்கிற சின்ன நிரல் அது. ஒரு வேலை மட்டும் செய்யும், ஆனால் சலிக்காமல் செய்யும். சுருதி திருத்தும் பிளகினிடம் நாம் ஒரு பட்டியல் கொடுப்போம். அது பாட்டின் முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். இது ‘க’வா? பதினான்கு குறை. இது ‘ப’வா? இரண்டு கூட்டு. இப்படி எழுதிக்கொண்டே போய்விடும்.

முதலில் பிளகின் இல்லாமல் ஒரே ஒரு சுரத்தில் செய்து பார். அப்போதுதான் உள்ளே நடப்பது புரியும். ‘சி’யை ‘ச’ என்று வைத்துக்கொண்டு, கீழே நீளமாக ஒரு ‘ச’ எழுது. அதன்மேல் ‘க’, அதாவது ‘ஈ’. அந்த ‘ஈ’யின்மேல் சொடுக்கு. பக்கத்தில் அந்தச் சுரத்தின் விவரங்கள் வரும். ஒலிப்பு என்ற பகுதிக்குள் சென்ட் கணக்கை எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் பூஜ்யம் இருக்கும்போது ஒரு தடவை கேள். பிறகு கழித்தல் 14 என்று எழுதிவிட்டுக் கேள்.

ஒரு குறிப்பு. வயலின், செல்லோ ஒலிகளைத் தேர்ந்தெடுக்காதே. அவை தாமாகவே கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கத்தில் பதினான்கு சென்ட் காணாமல் போய்விடும். ஆர்கன் ஒலியை வை. அது ஆடாமல் நிற்கும், உன் காதும் ஏமாறாது. காதொலிக் கருவி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

கேட்டாயா? ஒரு கரகரப்பு சட்டென்று அடங்கியது போல இருக்கும்.

இப்போது பிளகினுக்கு மோகன ராகத்தின் பட்டியலைக் கொடு. ‘ச’ பூஜ்யம். ‘ரி’ கூட்டல் 4. ‘க’ கழித்தல் 14. ‘ப’ கூட்டல் 2. ‘த’ கழித்தல் 16. முழுப் பாட்டும் மாறிவிடும்.

இந்த இடத்தில் பலரும் தடுக்கி விழுவார்கள். பிளகினுக்கு ‘ச’, ‘ரி’ எல்லாம் தெரியாது. அதற்கு ‘சி’, ‘டி’, ‘ஈ’ என்ற கட்டைகள்தான் தெரியும். பாடுகிறவருக்கு எட்டவில்லை என்று நீ பாட்டை இரண்டு கட்டை ஏற்றினால், ‘ஈ’ இனிமேல் ‘க’ அல்ல, ‘ரி’. பிளகினோ பழைய பட்டியலின்படி அதிலேயே பதினான்கைக் கழித்துக்கொண்டிருக்கும். ‘ச’ எங்கே இருக்கிறது என்று மறுபடி சொல்லிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிடியில் அந்தச் சக்கரம் ஒரு தடத்துக்கு (சேனலுக்கு) ஒன்றுதான். வளைத்தால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்தே வளையும். ‘க’வை இறக்கப் போய் ‘ச’வும் இறங்கினால் என்ன பயன்? ஆகவே ‘ச’வை ஒரு தடத்திலும் ‘க’வை வேறொரு தடத்திலும் போட வேண்டும். மிடியில் இருப்பது பதினாறு தடங்கள். நல்ல மென்பொருள்கள் இந்தப் பங்கீட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

சரி, மூச்சு விட்டுக்கொள். அடுத்தது எனக்குப் பிடித்த பகுதி.

‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை மொத்தம் எத்தனை சுருதி, அதாவது எத்தனை படி, என்று தமிழர்கள் நீண்ட காலமாக வாதாடி வந்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் என்று ஒரு சித்த மருத்துவர் இருந்தார். இசையின்மேல் தீராத ஆசை. தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற மிகப்பெரிய நூலை வெளியிட்டார். இருபத்துநான்கு சுருதி, எல்லாம் சம அளவு என்பது அவர் கட்சி. வெறும் வாயால் சொல்லவில்லை. 1916-இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டுக்குத் தம் மகள்களையும் அழைத்துப்போய், வீணையில் வாசிக்கச் செய்து காட்டினார்.

மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்தவர் விபுலானந்த அடிகள். துறவி. அறிவியல் படித்தவர், கணக்கில் புலி. பழந்தமிழ் யாழ்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார். அவர் கணக்கில் இருபத்திரண்டு.

யார் சொன்னது சரி? அன்றைக்குப் புத்தகம் படித்துத் தலையைச் சொறிந்துகொள்வதைத் தவிர ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ வேறு வழியில்லை. இன்றைக்கு உனக்குப் பிளகின் இருக்கிறது!

1200-ஐ 24-ஆல் வகு. 50 சென்ட். பண்டிதரின் ஒவ்வொரு சுருதியும் 50 சென்ட். ஒரு சங்கதி சொல்கிறேன். கால் சுரக் குறிகள் என்று இன்றைய இசை மென்பொருள்களில் வருகிறதே, அதுவும் இதே 24 பங்குதான். அந்தப் பங்கீட்டில் ‘ப’ 700-இல் விழும். நல்லது. ஆனால் ‘க’ 400, அல்லது அதற்குக் கீழே 350. நமக்கு வேண்டிய 386 அங்கே இல்லை.

சரி, 1200-ஐ 22-ஆல் வகு. ஏறக்குறைய 54.5. ஏழாவது பங்கு 382. ஆகா, 386-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது! பதின்மூன்றாவது பங்கு 709. ஐயோ, ‘ப’ 702-இல் அல்லவா நிற்க வேண்டும்? ‘க’ சரியானால் ‘ப’ கோணல். அதனால்தான் 22 என்று சொன்ன பழைய கணக்குக்காரர்கள் எல்லாப் பங்கையும் ஒரே அளவாக வைக்கவில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

இரண்டு பட்டியலையும் எழுது. ஒரே பாட்டின்மேல் முதலில் ஒன்றை ஓட்டு, பிறகு மற்றதை ஓட்டு. உன் காது எதை ஒத்துக்கொள்கிறது என்று பார். என் கட்சி எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ கேட்காமலே நம்பிவிடுவாய்.

இதெல்லாம் செய்து முடித்த தைரியத்தில் சில பிள்ளைகள் தோடி ராகத்துக்குப் போவார்கள். தோடி என்றாலே நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வருவார். தோடியின் ‘க’ மோகனத்தின் ‘க’வைவிடத் தாழ்ந்தது; பட்டியலில் அதற்கு 300 சென்ட் என்றிருக்கும். எழுதி ஓடவிட்டால் கீபோர்டுதான் கேட்கும், தோடி கேட்காது. ஆறு சென்ட் கூட்டினாலும் வராது, பத்து சென்ட் குறைத்தாலும் வராது.

ஏன் தெரியுமா? தோடியின் ‘க’ ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழே ‘ரி’ப் பக்கம் இறங்கும், மேலே ‘ம’ப் பக்கம் ஏறும், அசைந்துகொண்டே இருக்கும். 300 என்ற இடத்தைக் கடந்து போகுமே தவிர அங்கே தங்காது. பள்ளித் திடலில் பட்டம் விடும்போது பார்த்திருப்பாய். பட்டம் ஒரு நொடிகூடச் சும்மா நிற்காது. ஆனாலும் “அதோ, அந்த மரத்துக்கு மேலே நிற்குது” என்றுதான் கைகாட்டுவோம். தோடியின் ‘க’வும் அப்படித்தான். ஆடுகிறது, ஆனால் நம் மனசு அதற்கு ஓர் இடம் கொடுத்துவிடுகிறது. இந்த ஆட்டத்துக்குப் பெயர் கமகம்.

ஆகவே ஒரு சுரத்துக்கு ஓர் எண் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஒரு சுரத்துக்கு ஒரு வளைகோடு வேண்டும். அந்தச் சக்கரத்தை நொடிக்குப் பல தடவை, மேலும் கீழும், சரியான வேகத்தில் உருட்ட வேண்டும். எங்கே மெதுவாக, எங்கே விரைவாக என்பதும் முக்கியம். ஒரே சீராக ஆட்டினால் அது கமகமாக இருக்காது, ஆம்புலன்ஸ் சத்தமாகத்தான் இருக்கும்.

எம். சுப்பிரமணியன் என்பவர் இந்தப் பாட்டையில் வெகுதூரம் போனார். தோடியின் சுரங்களும் கமகங்களும் எங்கெங்கே போய் வருகின்றன என்று அளந்து, 2007-இல் சங்கீத நாடக அகாதெமி இதழில் எழுதினார். காயகா என்ற மென்பொருளையும் உருவாக்கினார். அதில் ஐந்து கோடு கிடையாது. ச ரி க ம என்று எழுத்தில் தட்டினால் போதும். கமகத்தோடு வாசித்துக் காட்டும். நம் இசைக்கு நம் எழுத்தையே வைத்து மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டினாரே, அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பன்னிரண்டு கட்டைக்குள் அடங்காதது நம் கோவில் இசை மட்டும் என்று நினைத்துவிடாதே. கோலகங்சாரில் பேராக் சுல்தானின் நோபாட் குழு இருக்கிறது. அதில் ஊதுகிற செருனாய், நாதஸ்வரத்துக்கு உறவுக்காரக் கருவி. அதற்கும் கீபோர்டின் கட்டைகளைப் பற்றிக் கவலையில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே காட்டுப் பக்கம் போனால் தெமியார் மக்களின் கிராமங்கள். அவர்கள் நீளமும் குட்டையுமாக இரண்டு மூங்கில் குழாய்களைச் சோடியாக வைத்துக்கொண்டு, கட்டையின்மேல் குத்திக் குத்தி ஒலி எழுப்பிப் பாடுவார்கள். மூங்கில் எந்த நீளத்தில் வெட்டப்பட்டதோ அதுதான் அதன் சுருதி.

இதை நீயும் செய்யலாம். முப்பது சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு பக்கம் கணு மூடியபடி, ஒரு மூங்கில் துண்டை அப்பாவிடமோ தாத்தாவிடமோ வெட்டித் தரச் சொல். மூடிய பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துத் தடித்த பலகைமேல் குத்து. உள் அகலம் நாலு சென்டிமீட்டர் இருந்தால் 280 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலிக்கும். இன்னொரு துண்டு, கொஞ்சம் குட்டையாக. கைப்பேசியில் கித்தாருக்குச் சுருதி பார்க்கும் செயலி இருக்கிறதல்லவா? அதன் முன்னால் வைத்துக் குத்தினால், எந்தக் கட்டை, அதிலிருந்து எத்தனை சென்ட் கூட அல்லது குறைவு என்று திரையில் காட்டும். ஒரே தடவை குத்திவிட்டு நம்பாதே. நாலைந்து தடவை குத்தி, அடிக்கடி வருகிற எண்ணை எடுத்துக்கொள்.

அந்த இரண்டு எண்களையும் மியூஸ்கோரில் இரண்டு சுரங்களுக்கு எழுது. கணினி வாசிக்கும்போது மூங்கிலையும் சேர்த்துக் குத்து. ‘வ்வா... வ்வா...’ கேட்டால் எண் இன்னும் சரியில்லை. ஒரு சென்ட் கூட்டு, ஒரு சென்ட் குறை. மூங்கில் காயக் காய அதன் சுருதியும் கொஞ்சம் நகரும். அதனால் எண்ணைப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் மறுபடி அளந்து பார்.